கையைத் தூக்கினால் நிறுத்து

மகனுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நன்றாக இருப்பதை ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருபதடி உயரத்துக்குப் பேனராகக் கட்டி வைத்திருக்கிறாய், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். கூடவே நானும் தொங்குகிறேன். இடது பக்கம் பொக்கை வாயோடு ஒரு நான், வலது பக்கம் பல் தெரியச் சிரிக்கிற இன்னொரு நான், நடுவில் வெள்ளைக் கோட்டோடு நீ. கீழே கொட்டை எழுத்தில், ‘பல் வலியில் துடித்த என் தாயின் கண்ணீரே என்னைப் பல் மருத்துவனாக்கியது.’ நான் கீரை வாங்கப் போனவள். கீரைக்காரி என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏக்கா, இது நீங்கதான?” என்றாள். “ஆமா, ரெண்டும் நான்தான்” என்றேன். “பெத்த மகன் இப்பிடி நெனச்சுப் பாக்குறதெல்லாம் கொடுப்பினைக்கா” என்றாள். கீரையை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், “பேஷண்ட் இருக்காங்கம்மா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்த கையெழுத்து, இன்னும் கெட்டுப்போகவில்லை. இரண்டு நகல் எடுத்திருக்கிறேன். ஒன்று கொட்டாம்பட்டிப் பக்கம் உன் மயிலு சித்திக்குப் போகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அவள் மகள் செல்வி வாசித்துக் காட்டுவாள். இன்னொன்று என் பையில் இருக்கும். கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன். ஆகவே கிழித்துப் போட்டால் முடிந்தது என்று நினைக்காதே.

முதலில் அந்தக் கண்ணீர். எனக்கு என் ஆயுளில் ஒரு நாள் கூடப் பல் வலி வந்தது கிடையாது. வேப்பங்குச்சியில் தேய்த்த பல். நான் பல்லுக்காக அழுது நீ பார்த்ததும் கிடையாது. இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், பேனர் எழுதிக் கொடுத்தவனுக்கு மட்டும்தான் தெரியாது. நீ ஏன் பல் டாக்டர் ஆனாய் என்ற கதை வேறு. அதை நீ சொல்ல வெட்கப்படுகிறாய். நானே சொல்கிறேன், அதில் என் வெட்கம்தான் அதிகம்.

நான் கீழவாசல் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் பதினெட்டு வருஷம் உதவிக்கு நின்றவள். நாங்கள் பெரிய டாக்டர் என்போம். அவர் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. வாயைத் திறந்தால் வசவு, மூக்கில் பொடி, காத்திருக்கிறவர்களைப் பார்த்து, “இம்புட்டுப் பேரும் இம்புட்டு நாளா எங்க போனீக?” என்று கத்துவார். ஏன் பல் டாக்டர் ஆனீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, “வேற சீட்டுக் கெடைக்கல” என்றார், அவ்வளவுதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் முதலில் ஒன்று சொல்வார்: “வலிச்சா இடது கையத் தூக்கு, நிறுத்திருவேன்.” தூக்கினால் நிறுத்துவார். கொறடு பாதிப் பல்லில் பிடித்திருந்தாலும் எடுத்துவிட்டு, திட்டிக்கொண்டே இன்னொரு மரப்பு ஊசி போட்டு, மரக்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சில பேர் பயத்திலேயே நாலு தடவை தூக்குவார்கள். நாலு தடவையும் நிறுத்துவார். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும், “புடுங்கி விட்டுருங்கய்யா, இன்னொருக்க வர முடியாது” என்றுதான் கேட்பார்கள். “புடுங்க ஒரு நிமிசம் போதும். திருப்பி வைக்க எனக்குத் தெரியாது. அடுத்த செவ்வாக்கெழம வா” என்று விரட்டுவார். பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிறவர்களுக்குப் பல் நின்றது.

அங்கே ஒரு நாள், எங்கள் அப்பனும் ஆத்தாளும் கூலிக்குப் போன வயலின் சொந்தக்காரர் வீட்டு அம்மாள் வந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நான் தலையைப் பிடிக்கப் போனேன். டாக்டரைப் பார்த்து, “இவ கை என் வாயில படக்கூடாது, வேற யாராச்சும் நிக்கட்டும்” என்றாள். பெரிய டாக்டர், “அப்ப வேற டாக்டரப் பாருங்க” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் வெளியே போய் நின்றேன். அவள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு அவள் துப்பிய தொட்டியைக் கழுவ மட்டும் என் கை தேவைப்பட்டது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு வருஷக் கணக்கில் ஆறவில்லை. நீ பன்னிரண்டாவதில் டாக்டர் படிப்புக்கு மார்க் போதாமல் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாய். பல் டாக்டர் சீட்டு என்றதும் வேண்டாம் என்றாய். அப்போது உன்னிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “என் கை படக்கூடாதுன்னா. உன் கை அவுக வாய்க்குள்ள போகணும்டா. அவுக வாயப் பொளந்துக்கிட்டு ஒனக்கு முன்னாடி படுக்கணும்” என்றேன். நீ எழுந்து முகம் கழுவினாய். அந்த ரோஷத்தில்தான் நீ பல் டாக்டர் ஆனாய். நான் அழுததைப் பார்த்து இல்லை, நான் கறுவியதைக் கேட்டு.

கறுவியதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கொஞ்சம்தான். என் வெட்கமெல்லாம், அந்தக் கை அவர்கள் வாய்க்குள் போகும் முன்னால் யார் வாய்க்குள் போனது என்பதில் இருக்கிறது.

பல் காலேஜில் கடைசி வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இரண்டு பேருக்காவது முழுப் பல்செட் கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பரீட்சை எழுத விட மாட்டார்கள், ஆளையும் நீங்களேதான் தேடிக் கூட்டி வர வேண்டும். உன்னோடு படித்தவர்கள் ஊரிலிருந்து தாத்தாக்களையும் பெரியம்மாக்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உனக்கு ஆள் கிடைக்கவில்லை. பல்லே இல்லாத கிழவர் ஒருவரைப் பிடித்தாய், அவரை இன்னொருவன் பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொன்றாக வலியில்லாமலே ஆடி விழுந்தது போக, என் வாயில் அப்போது பதினொரு பல் இருந்தது. நாலு ஆடியது. ஏழு ஆடவில்லை. பதினெட்டு வருஷம் அந்த வேலையில் நின்றவளுக்கு எந்தப் பல் நிற்கும், எது நிற்காது என்று தெரியாதா? தெரிந்தேதான் உன் காலேஜ் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். உன் சார் எட்டிப் பார்த்து, “எல்லாமா ஆடுது?” என்று கேட்டார். “ஆமா சார், எல்லாம் ஆடுது, வலி தாங்கல, எடுத்துருங்க” என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாய். அப்போது நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகட்டும், என் பல், என் மகன், நான் கொடுத்தேன். பேனரில் இடது பக்கம் இருக்கிறாளே பொக்கை வாய்க்காரி, அவளை அப்படி ஆக்கியது எந்த நோயும் இல்லை, நீயும் நானும்தான். அதைக் காட்டி நீ இப்போது ஆள் சேர்க்கிறாய்.

இது இத்தோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன், செட்டையும் மாட்டிக்கொண்டு. ஆனால் உனக்கு இரண்டு செட் கட்ட வேண்டியிருந்தது. நான் கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

மயிலு என்னைவிட ஆறு வயது சின்னவள். வேலிக்கருவை வெட்டப் போவாள், நாற்று நடப் போவாள். ஒரே ஒரு கடவாய்ப் பல்தான் அவளுக்கு வலித்தது. நான் போய், “தம்பி ஒரு காசில்லாம எல்லாத்தையும் சரி பண்ணிருவான், வா” என்றேன். அவளுக்குப் பயம். “மேப்பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்ங்கிறாகளேக்கா” என்றாள். நான் சிரித்தேன். “பதினெட்டு வருசமாப் பாக்குறேன், ஒருத்தருக்கும் கண்ணு போனதில்ல” என்றேன். அது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மற்றப் பொய்யையெல்லாம் அவளிடம் விற்றேன். எல்லாப் பல்லும் எப்படியும் விழப்போகிறது, இப்போதே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது, புதுப்பல் பளிச்சென்று இருக்கும் என்றேன். அக்கா சொன்னால் அவளுக்கு அப்பீல் இல்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

இரண்டாவது தடவை மேல் வரிசை எடுத்த அன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உட்காரும்போதே நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், “வலிச்சா இடது கையத் தூக்கு மயிலு, தம்பி நிறுத்திருவான்” என்று. உனக்கு அடுத்து இன்னொருவன் அந்த நாற்காலிக்குக் காத்துக்கொண்டிருந்தான். ஊசி போட்டு மரக்கக்கூட விடாமல் நீ கொறட்டை எடுத்தாய். மயிலு கையைத் தூக்கினாள். பாவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராகத் தூக்கினாள். நீ, “கைய எறக்குங்க சித்தி, இந்தா முடிஞ்சிருச்சு” என்றாய். முடியவில்லை. மறுபடி தூக்கினாள். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, என் இரண்டு கையாலும் மடியோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன். அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வாய்க்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒருத்தர் கையைக்கூட நான் அப்படிப் பிடித்ததில்லை. என் கூடப் பிறந்தவள் கையைப் பிடித்தேன். அவள் வெளியே வந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல், என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். நான் அழுவேன் என்று நினைத்து என்னைத் தேற்றினாள்.

அப்புறம் ஈறு ஆறி அடங்க மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். பரீட்சை வந்துவிட்டது என்று மூன்றே வாரத்தில் அளவெடுத்தாய். கட்டிக் கொடுத்த செட் தீபாவளிக்குள் லொடலொடவென்று ஆகிவிட்டது. என் செட்டும்தான் அப்படி ஆனது, ஆனால் நீ கிளினிக் போட்ட பிறகு எனக்கு இரண்டு தடவை மாற்றிக் கட்டினாய். அவளுக்குக் கட்டவில்லை. அவள் கேட்கவில்லை, நான் கேட்கச் சொல்லவில்லை, உனக்கு நினைப்பும் வரவில்லை. அது ஒரு தூக்குச்சட்டியில் அலமாரி மேல் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போனால் போட்டோ எடுக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறாள். மற்ற நாளில் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறாள். கறி எடுத்தால் சாற்றோடு சரி. யாராவது கேட்டால், “எங்கக்கா மகன் டாக்டரு கட்டுன பல்லுல்ல, தெனமும் போட்டா தேஞ்சு போகும்” என்கிறாள். இதை அவள் கிண்டலாகச் சொன்னால் நான் தாங்கிக்கொள்வேன். பெருமையாகச் சொல்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது கிளினிக் திறக்கப் போகிறாய், வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ‘ஒரே நாளில் புதுப் புன்னகை’ என்று அதற்கு ஒரு பேனர். திறந்த கையோடு முதல் நாற்காலியில் ஒருத்தியை உட்கார வைத்து, காலையில் பிடுங்கி, சாயங்காலம் பல் மாட்டி, அவள் சிரிப்பதை வீடியோ எடுக்கப் போகிறாய். அந்த ஒருத்தி செல்வி. மயிலுவின் மகள். போன வாரம் நீ போனில் என்னிடம், “அம்மா, நீ வெளக்க ஏத்திட்டு அவ பக்கத்துல நின்னு கையப் புடிச்சுக்க, அது போதும். ஒன்னயப் பாத்தா அவளுக்குப் பயம் போயிரும், வீடியோவும் நல்லா வரும்” என்றாய். கையைப் பிடித்துக்கொள் என்று நீயே சொன்னாய். உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? நிஜமாகவே மறந்துவிட்டாயா?

மறுநாளே ஊருக்குப் போனேன். செல்வியை வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். எனக்குப் பட்டம் இல்லை, ஆனால் கண் இருக்கிறது. முன்பல் ஆறில் இரண்டு சொத்தை. மற்ற நாலும் கல்லு மாதிரி நிற்கிறது. வேர் சிகிச்சை செய்து மூடி போட்டால் அந்த இரண்டும்கூட அவளோடு கிழவியாகும். அதை நீ எக்ஸ்ரேயில் பார்க்காமலா இருப்பாய்? அவளிடம் நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். “அண்ணே ஆறையும் எடுத்துட்டு ஒரே வரிசையாக் கட்டிரலாம்னாரு பெரியம்மா. நாலஞ்சு தடவ வந்து போக ஒன்னால முடியுமான்னு கேட்டாரு. முடியாதுன்னேன். அப்ப இதான் வழின்னாரு” என்றாள். முப்பத்தொரு வயது அவளுக்கு. உள்ளேயிருந்து மயிலு பொக்கை வாயோடு எட்டிப் பார்த்து, “தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்க்கா. நானும் அவ கூட வாரேன்” என்றாள். அந்தத் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். வீடியோவுக்குப் போட்டுக்கொண்டு வரப்போகிறாளாம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அவர்களே கேட்கிறார்கள் என்பாய். திரும்ப வர மாட்டார்கள், பாதியில் விட்டால் சீழ் வைத்துக்கொண்டு வருவார்கள் என்பாய். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வயல்காரர் வீட்டு மருமகள் உன்னிடம் வருகிறாளே, அவளுக்கு எத்தனை தடவை அடுத்த செவ்வாய், அடுத்த செவ்வாய் என்று தேதி கொடுத்தாய்? ஒரே பல்லுக்கு ஐந்து தடவை உட்கார வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தாய், அதை என்னிடம் பெருமையாகவும் சொன்னாய். நானும் சந்தோஷப்பட்டேன், நான் கறுவியது பலித்துவிட்டது என்று. அவர்களுக்குப் பல் காப்பாற்றத் தெரிகிறது, நம் சனத்துக்குப் பிடுங்க மட்டும்தான் தெரியுமா உனக்கு? அந்த அம்மாள் என் கையை வேண்டாம் என்றாள், சரி. மயிலு உன் கையை நம்பி வாயைத் திறந்தாள். இரண்டு பேரில் யார் உன்னிடம் மோசம் போனது என்று நீயே உட்கார்ந்து யோசி. உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கிற கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி முழுசாக உனக்கே.

செல்வியிடம் வெள்ளிக்கிழமை போகாதே என்று சொன்னேன். “அண்ணே மனசு கஷ்டப்படும் பெரியம்மா” என்றாள். அவளும் வரத்தான் போகிறாள். ஆகவே நீதான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு பல்லுக்கு வைத்தியம், நாலு தடவை வர வேண்டும், பஸ்ஸில் பெரியம்மா கூட வந்து கூட்டிப் போவாள் என்று சொல். மயிலுவைக் கூப்பிட்டு ஒழுங்காக அளவெடுத்துச் செட் கட்டிக் கொடு, கட்டும்போது ஏன் கட்டுகிறாய் என்றும் வாயைத் திறந்து சொல். பேனரில் என் படத்தைக் கிழித்துவிடு. அந்தக் கதைக்குப் பதிலாக எதுவுமே எழுத வேண்டாம். பெரிய டாக்டர் போர்டில் பேர் மட்டும்தான் இருந்தது.

செய்யாவிட்டாலும் வெள்ளிக்கிழமை நான் வருவேன். நீ எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டே வருவேன். விளக்கு ஏற்ற மாட்டேன். செல்வி நாற்காலிக்குப் பக்கத்தில், நீ நிற்கச் சொன்ன இடத்திலேயே நிற்பேன். கேமரா ஓடட்டும். நீ கொறட்டைக் கையில் எடுத்தால், நான் என் பல்லைக் கழற்றி உன் தட்டில் வைத்துவிட்டு, பேனரில் இடது பக்கம் இருக்கிறவளாக நின்று, என் இடது கையைத் தூக்குவேன். நீ நிறுத்தும்வரை இறக்க மாட்டேன். அந்தக் கையைப் பிடித்து இறக்க அன்றைக்கு உனக்கு யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வேலையை உனக்குச் செய்து கொடுத்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா